பால் மெக்கார்ட்னி: குரல் போய்விட்டதா, சுருதிப் பிடிவாதமா?

இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் ராக் குழுவில் பாடிய, எண்பதைத் தாண்டிய பால் மெக்கார்ட்னி இன்னமும் மேடையேறிப் பாடுவது சரியா, சேர்த்த பேரைக் கெடுத்துக்கொள்கிறாரா என்பது ஒன்று. பீட்டில்ஸ் கலைந்த பிறகு அவர் போட்ட ஆல்பங்களில் எது உச்சம், 'பேண்ட் ஆன் த ரன்' ஆல்பமா, 'ரேம்' ஆல்பமா என்பது இன்னொன்று. ரசிகர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே சண்டையின் இரண்டு பக்கமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் மறுக்க முடியாததை ஒப்புக்கொண்டுவிடலாம். குரல் பழைய குரல் இல்லை. 2009-ல் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டு மைதானத்தில் பாடிய பதிவு கிடைக்கிறது. அப்போது அவருக்கு 67 வயது. அங்கங்கே தேய்மானம் தெரிந்தாலும் குரலில் முறுக்கு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியான 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் 50-ம் ஆண்டு விழாவை முடித்துவைக்க அவர் வந்து பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தின் கடைசியில் ஒன்றோடொன்று கோத்து வரும் பாடல்களைப் பாடினார். வயது 82. 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்' தொடங்கியதுமே குரல் நடுங்குவதும், மேலே போகிற இடங்களில் சுரம் நிற்காமல் நழுவுவதும் யாருக்கும் கேட்கும். மறுநாள் இதை வைத்து நடந்த வாக்குவாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. வயதாகும்போது குரல்நாண்களின் தசை மெலிகிறது, சவ்வின் நெகிழ்ச்சி குறைகிறது. பாடும்போது இரண்டு நாண்களும் முழுக்க ஒட்ட வேண்டும். மெலிந்த நாண்கள் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் சேர்கின்றன. அந்த வழியாகக் காற்று கசியும்போது குரல் மெலிந்து கரகரக்கிறது. மூச்சின் அழுத்தமும் முன்போல் இருக்காது. ஆகவே முதலில் போவது மேல்ஸ்தாயியில் உரத்து, நீட்டிப் பிடிக்கும் சுரங்கள். கீழ்ஸ்தாயியும் மென்மையாகப் பாடுவதும் ரொம்ப நாள் தாங்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். ஏனென்றால் மெக்கார்ட்னிக்கு இருந்தது ஒரு குரல் இல்லை.

1965 ஜூன் 14 அன்று ஒரே நாளில் அவர் மூன்று பாடல்களைப் பதிவு செய்தார். துள்ளலான நாட்டுப்புறச் சாயலில் 'ஐ'வ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்', ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் பாணியில் தொண்டை கிழியக் கத்தும் 'ஐ'ம் டவுன்', அப்புறம் 'எஸ்டர்டே'. அந்தக் கத்தலுக்கும் 'எஸ்டர்டே' பாட்டின் நிதானத்துக்கும் நடுவில் சில மணி நேரம்தான். அவருக்கு இன்னும் 23 வயதுகூட நிறையவில்லை. இத்தனை குரல்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. கத்தும் குரல் ஏறக்குறைய போய்விட்டது, பொய்க்குரல் (இயல்பான குரலுக்கு மேலே மெல்லிதாக எழுப்பும் 'ஃபால்செட்டோ') மெலிந்துவிட்டது. தணிந்து பேசுகிற மாதிரிப் பாடும் குரல் மட்டும் இன்றும் நம்பும்படி இருக்கிறது. 'மெக்கார்ட்னியின் குரல் போய்விட்டது' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுபவர்கள் இந்த மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள்.

என் குற்றச்சாட்டு வேறு. அவர் பாடுவது தவறே இல்லை. எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் பாடுகிறார் என்பதில்தான் கோளாறு. அவருடைய கச்சேரி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம். (எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. குடித்தால் தேவலை.) அதில் பெரும்பாலான பாடல்களை இருபத்து சொச்சம் வயதில் பதிவு செய்த அதே சுருதியில் பாடுகிறார். 'மேபி ஐ'ம் அமேஸ்டு' 1970-ல் தொண்டையின் எல்லையில் நின்று பாடிய பாட்டு. அப்போதே அது சுலபமில்லை. அதை எண்பது வயதில், அதே கட்டையில், ஒரு நீண்ட கச்சேரியின் நடுவில் பாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். போதாததற்கு கடைசியில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்ற கத்தல் பாட்டு வேறு.

ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடினால் என்ன குறைந்துவிடும்? எல்டன் ஜானுக்கு 1987-ல் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு குரல் கனத்துக் கீழே இறங்கியது. அவர் பழைய பாடல்களைச் சுருதி இறக்கி, பொய்க்குரல் இடங்களை மாற்றிப் பாடி, இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் மேடையை ஆண்டார். ஜோனி மிட்செல் 1969-ல் கீச்சென்ற இளங்குரலில் பாடிய 'போத் சைட்ஸ் நவ்' பாடலை 2000-ல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு, ரொம்பக் கீழே இறங்கிய குரலில், நிதானமாக மறுபடி பாடினார். இரண்டாவதுதான் உண்மையான பதிவு என்று சொல்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சி. பாப் டிலன் ஒரு படி மேலே போய் மெட்டையே மாற்றிவிடுவார். எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கவே சில வரிகள் ஆகும். அதை எல்லோராலும் சகிக்க முடியாது என்றாலும், அவர் குரலின் குறையைப் பற்றி மேடையில் யாரும் பரிதாபப்படுவதில்லை.

மெக்கார்ட்னிக்கு இந்த வித்தை தெரியாது என்று சொல்ல முடியாது. 'எஸ்டர்டே' பதிவில் அவர் தன் கிடாரின் தந்திகளை ஒரு முழுச் சுரம் தளர்த்தி வைத்துத்தான் வாசித்தார். விரல் 'ஜி' வடிவத்தில் இருக்க, ஒலி 'எஃப்' சுருதியில் வரும். 'வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்' கதை இன்னும் சுவாரசியம். 1966 டிசம்பரில் பாடிப் பதிவு செய்த பிறகு, குரல் இன்னும் இளமையாகக் கேட்க வேண்டும் என்று நாடாவின் வேகத்தைக் கூட்டி அரைச் சுரம் ஏற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 24! அந்த இசைத்தட்டில் கேட்கும் குரலை அவர் எந்த வயதிலும் தன் தொண்டையால் பாடியதில்லை. 'பழைய ரெக்கார்டு மாதிரி இல்லையே' என்று அங்கலாய்ப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

'ஓ! டார்லிங்' பாட்டும் அப்படித்தான். 1969-ல் அவர் அந்தப் பாட்டுக்காகப் பல நாட்கள் மற்றவர்களுக்கு முன்பே ஸ்டூடியோவுக்குப் போய், ஒரு தடவை மட்டும் பாடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார். குரல் தேய்ந்து, ஒரு வாரமாக மேடையில் பாடியவனின் குரல்போல் ஆக வேண்டும் என்பது நோக்கம். கடைசியில் கிடைத்த ஒரு பதிவுதான் நமக்குத் தெரிந்தது. ஸ்டூடியோவில் அவர் குரலைக் கருவி மாதிரி வளைத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்பவர். மேடையில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

காரணத்தை அவரே கச்சேரிகளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பழைய பீட்டில்ஸ் பாட்டை எடுத்தால் கைபேசி வெளிச்சத்தில் அரங்கம் நட்சத்திர மண்டலமாகிவிடும், புதுப் பாட்டை எடுத்தால் கருந்துளையாகிவிடும் என்பார். கூட்டத்துக்கு வேண்டியது ரெக்கார்டில் கேட்ட ஒலி. 2001-02 முதல் கூட இருக்கும் ரஸ்டி ஆண்டர்சன், பிரையன் ரே, ஏப் லபோரியல் ஜூனியர், 1989 முதல் கீபோர்டில் இருக்கும் பால் 'விக்ஸ்' விக்கன்ஸ் எல்லோரும் அந்த ஒலியை அச்சு அசலாகக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர்கள். 2018-லிருந்து நிஜமான ஊதுகருவிக் குழுவும் சேர்ந்தது. பின்னணி இவ்வளவு துல்லியமாக அசலைப் பிரதியெடுக்கும்போது, அதில் மாறிப்போன ஒரே பொருள் பாடகரின் தொண்டை. அதனால்தான் அது அவ்வளவு துருத்திக்கொண்டு கேட்கிறது. இதே குரலை ஒரு பியானோ, ஒரு கிடாரோடு மட்டும் கேட்டால் இந்தப் புகாரில் பாதிகூட வராது.

கச்சேரியின் நடுவில் அவர் தனியாக நின்று கிடாரோடு 'பிளாக்பேர்ட்', பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனை நினைத்து எழுதிய 'ஹியர் டுடே' இரண்டையும் பாடும் இடம் இதற்குச் சாட்சி. குரல் உடைகிறது, ஆனால் பாட்டு உடையவில்லை. லெனன் போன பிறகு, 1982-ல் 'டக் ஆஃப் வார்' ஆல்பத்தில் வந்த பாட்டு அது. நண்பனிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் அந்த வரிகளுக்குக் கிழக்குரல் இன்னும் பொருந்துகிறது என்றே சொல்வேன்.

டேப் போட்டு வாயசைக்கிறார் என்ற வதந்தியும் அவ்வப்போது கிளம்பும். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. டேப் போடுபவர் இவ்வளவு கரகரப்பான டேப்பையா போடுவார்?

நிறுத்திவிட வேண்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். 2022 ஜூன் 25, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா. எண்பது வயது முடிந்து ஒரு வாரம். அந்த விழாவின் முதன்மை மேடையில் தனியாகத் தலைமை நிகழ்ச்சி கொடுத்தவர்களில் அதுவரை அவரைவிட மூத்தவர் இல்லை. கூடப் பாட ராக் பாடகர்கள் டேவ் குரோல் வந்தார், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வந்தார். ஆனால் எல்லோருக்கும் நினைவில் நிற்பது 'ஐ'வ் காட் எ ஃபீலிங்'. 1969-ல் லண்டனில் பீட்டில்ஸ் நடத்திய மொட்டைமாடிக் கச்சேரியில் லெனன் பாடிய பகுதியை, பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' ஆவணப்படக் குழு தனியே பிரித்தெடுத்துக் கொடுத்தது. திரையில் 28 வயது லெனன் பாட, மெக்கார்ட்னி திரும்பி நின்று பார்த்துவிட்டுத் தன் பகுதியைச் சேர்த்துப் பாடினார். சுருதி சுத்தமா என்று பார்த்தால் இல்லை. அந்தக் குரல் வித்தியாசம்தான் அங்கே விஷயமே. ஒருவருக்கு வயதே ஆகவில்லை, இன்னொருவருக்கு முழுக்க ஆகிவிட்டது. அன்றைக்கு அவர் 'பெயரைக் கெடுத்துக்கொண்டார்' என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, ஆல்பங்களுக்கு வருவோம்.

'பேண்ட் ஆன் த ரன்' கட்சியின் வாதம் பலமானது. 1973-ல் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். கிளம்புவதற்குச் சற்று முன்பு பீட்டில்ஸுக்குப் பிறகு அவர் தொடங்கிய விங்ஸ் குழுவின் கிடார்காரர் ஹென்றி மெக்கல்லவும் டிரம்மர் டென்னி சைவெல்லும் விலகிவிட்டார்கள். மிச்சம் பால், அவர் மனைவி லிண்டா, கிடார்காரர் டென்னி லெய்ன். அங்கே போனால் ஸ்டூடியோவில் வசதி போதாது. இரவில் நடந்து போகும்போது கத்தியைக் காட்டிப் பாடல் வரைவுகள் இருந்த கேசட்டுகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டி வேறு, ஆப்பிரிக்க இசையைத் திருட வந்திருக்கிறார் என்று குற்றம் சாட்டினார். இத்தனைக்கும் நடுவில் டிரம்ஸ், பேஸ், கிடாரின் பெரும்பகுதி எல்லாவற்றையும் மெக்கார்ட்னியே வாசித்து ஓர் ஆல்பத்தை முடித்தார். அது இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸ் இல்லாமல் அவரால் முடியாது என்ற பேச்சை அது நிறுத்தியது. தலைப்புப் பாட்டு மூன்று துண்டுகளை ஒட்டிய பாட்டு. ஒட்டு தெரிந்தாலும் அலுப்பதில்லை.

ஆனாலும் என் ஓட்டு 'ரேம்' ஆல்பத்துக்கு. 1971 மே மாதம் பால், லிண்டா இருவர் பெயரிலும் வந்தது. வந்தபோது வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் விமர்சகர் ஜான் லாண்டாவ் கிழித்துத் தொங்கவிட்டார். லெனன் தன்னைக் குத்திக்காட்டும் வரிகளை அதில் கண்டுபிடித்து (தவறாகக் கண்டுபிடிக்கவில்லை, 'டூ மெனி பீப்பிள்' பாட்டில் அது இருக்கத்தான் செய்கிறது), அதே ஆண்டில் 'ஹவ் டு யூ ஸ்லீப்?' என்று திருப்பி அடித்தார். லிண்டாவின் ஹார்மனியைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. இப்போது நிலைமை தலைகீழ். வீட்டில் பாடுவதுபோல் ஒலிக்கும் அந்தக் குரல்கள்தான் பல இளைய குழுக்களுக்கு முன்மாதிரி. பயிற்சியில்லாத லிண்டாவின் குரல் பாலின் குரலோடு சேரும்போது கிடைக்கும் அந்த நெளிவு, தேர்ந்த பாடகிகளை வைத்துச் செய்திருந்தால் கிடைத்திருக்காது.

எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரே ஆல்பத்தில் அவர் தன்னிடமிருந்த எல்லாக் குரல்களையும் இறக்கிவிடுகிறார். 'மங்க்பெர்ரி மூன் டிலைட்' பாட்டில் பேய் பிடித்த மாதிரிக் கத்தல். 'அங்கிள் ஆல்பர்ட்' பாட்டில் தொலைபேசிக் குரலும் நாடகக் குரலும். 'ஹார்ட் ஆஃப் த கன்ட்ரி' பாட்டில் கிடாரோடு சேர்ந்து முணுமுணுப்பு. 'த பேக் சீட் ஆஃப் மை கார்' பாட்டில் எல்லாம் சேர்ந்து வந்து ஆல்பத்தை முடிக்கிறது. 'பேண்ட் ஆன் த ரன்' நன்றாகக் கட்டிய ஆல்பம். அதில் இவ்வளவு கட்டவிழ்ந்த பாட்டு இல்லை.

இரண்டு சண்டையும் ஒன்று என்று நான் சொன்னது இதனால்தான். 'ரேம்' ரசிகர்கள் காதலிப்பது அந்தக் குரல்களின் கூட்டத்தை. இன்று மேடையில் அவர்கள் இழப்பதாக உணர்வதும் அதைத்தான். 'பேண்ட் ஆன் த ரன்' கட்சியில் பலருக்குப் பாட்டின் கட்டுமானமே போதும், அதை அவர் குழு இன்றும் சரியாகக் கொடுக்கிறது. அதனால் கச்சேரியிலிருந்து திருப்தியோடு திரும்புபவர்களும் அவர்களில்தான் அதிகம் என்பது நான் பேசிப் பார்த்த வரையில் கண்டது.

எண்பதுகளின் ஆல்பங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த 'டக் ஆஃப் வார்' நல்ல ஆல்பம், 'பிரஸ் டு ப்ளே' தேவையில்லை. 1989-ன் 'ஃப்ளவர்ஸ் இன் த டர்ட்' பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் கூட்டால் நிமிர்ந்தது. ஆனால் 1980-ன் 'மெக்கார்ட்னி II' பற்றி ஒரு வார்த்தை. தனியாக உட்கார்ந்து சிந்தசைசரோடு விளையாடிய அந்த ஆல்பத்தை அப்போது சிரித்து ஒதுக்கினார்கள். அதிலிருந்த 'டெம்பரரி செக்ரட்டரி' பாட்டைப் பிறகு நடனவிடுதி டிஜேக்கள் தூக்கிப் பிடித்தார்கள். 35 வருஷம் கழித்து, 2015-ல் லண்டனில்தான் அவர் அதை முதல்முறையாக மேடையில் பாடினார். அவருடைய ஆல்பங்களைப் பற்றி வெளிவந்த வாரத்தில் எழுதிய தீர்ப்புகளை நம்ப வேண்டாம் என்பதற்கு இது ஒன்று போதும்.

முதுமைக் குரலுக்கு என்ன செய்யலாம் என்பதற்கான விடையும் அவருடைய ஆல்பங்களிலேயே இருக்கிறது. 2005-ன் 'கேயாஸ் அண்ட் கிரியேஷன் இன் த பேக்யார்டு'. ஜார்ஜ் மார்ட்டின் பரிந்துரையில் ரேடியோஹெட் ராக் குழுவின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சை அழைத்தார். காட்ரிச் வந்ததும் மேடைக் குழுவை ஓரங்கட்டி, நீங்களே வாசியுங்கள் என்றார். பாட்டு சுமாராக இருந்தால் சுமார் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மெக்கார்ட்னிக்குக் கோபம் வந்தது, சண்டை வந்தது, நல்ல ஆல்பம் வந்தது. 'ஜென்னி ரென்' பாட்டில் குரல் எங்கும் முக்கி முனகாமல் தணிந்தே போகிறது. 2020-ல் ஊரடங்கின்போது தனியாக எல்லாக் கருவிகளையும் வாசித்துச் செய்த 'மெக்கார்ட்னி III' இன்னும் துணிச்சல். 'விமன் அண்ட் வைவ்ஸ்' பாட்டில் கனத்த, கரகரத்த, கீழ்க்குரலை மறைக்காமல் முன்னால் வைக்கிறார். கரகரப்பு அந்தப் பாட்டின் குறை இல்லை, அதன் நிறம். அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'வென் விண்டர் கம்ஸ்' 1992-ல் பாடி வைத்திருந்தது. எழுபத்தெட்டு வயதுக் குரலும் ஐம்பது வயதுக் குரலும் ஒரே தட்டில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எது 'கெட்டுப்போன குரல்' என்று சொல்லுங்கள்.

2018-ன் 'ஈஜிப்ட் ஸ்டேஷன்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1982-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. புதுப் பாட்டுக்குக் கேட்பவர்கள் இல்லை என்ற சாக்கு முழுக்கச் செல்லாது. மேடையில் அந்தப் பாடல்களுக்கு இன்னும் நான்கைந்து இடம் கொடுத்து, 'மேபி ஐ'ம் அமேஸ்டு' பாட்டை இரண்டு கட்டை இறக்கி, 'ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டுக்கு ஓய்வு கொடுத்தால் பாதி விமர்சகர்களுக்கு வேலை போய்விடும்.

நீங்கள் கச்சேரிக்குப் போவதாக இருந்தால் முதல் மூன்று நான்கு பாடல்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அந்த வயதில் தொண்டை சூடேற நேரம் எடுக்கும், பாடப் பாடத்தான் இளகும். கைபேசியில் யாரோ எடுத்த முப்பது நொடிக் காணொளியை 1976-ன் 'விங்ஸ் ஓவர் அமெரிக்கா' ஆல்பத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். அது பல ஊர்க் கச்சேரிகளிலிருந்து நல்லதாகப் பொறுக்கியெடுத்த மூன்று தட்டுத் தொகுப்பு. இன்னும் அவருடைய தனி ஆல்பங்களுக்குள் போகவில்லை என்றால் 'ரேம்' ஆல்பத்தில் தொடங்கி, நேராக 2005-க்குத் தாவுங்கள். 'பேண்ட் ஆன் த ரன்' எப்படியும் உங்களைத் தேடி வரும்.